கான்டெஸாவுக்கு எதற்குக் கடன் வாங்கிய தசை?

பழைய கார்களைப் பற்றி எழுதுகிற, பேசுகிற, படமெடுக்கிற நண்பர்கள் சில ஆண்டுகளாக ஒரு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். 'இந்தியாவின் மசில் கார்' என்பது அத்தொடர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்து 2002 வரை தயாரித்த கான்டெஸா காருக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பட்டம் இது. நீண்ட முன்மூடி, இடுப்பில் ஒரு வளைவு, பின்சக்கர இயக்கம் ஆகிய மூன்றையும் காட்டி, பான்டியாக் ஜிடிஓவுக்கும் டாட்ஜ் சார்ஜருக்கும் உறவுக்காரன் என்று நம் கான்டெஸாவை அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்பவர்கள் புளகாங்கிதம் அடைகிறார்கள்.

புகழ்ச்சிதானே, போகட்டும் என்று நானும் சில காலம் சும்மா இருந்தேன். இனி அப்படி இருக்க இயலாது. காரணம், எங்கள் நல்லம்பள்ளி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது.

பெரியப்பா புளி வியாபாரி. தருமபுரி மாவட்டத்துப் புளியை மூட்டை மூட்டையாகச் சேலத்துக்கு அனுப்பியவர். 1998இல், சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவரிடமிருந்து, 1991இல் பதிவான கான்டெஸா கிளாசிக் ஒன்றை வாங்கினார். இசுசூவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், பால் வெள்ளை நிறம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்போதும் கார் என்று சொல்வதில்லை, 'பிளசர்' என்பார்கள். 'புளிக்காரர் பிளசர்' என்றால் சந்தைக்கு வருபவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. பிரசவ வலியெடுத்த பெண்களைப் பின்னிருக்கையில் படுக்கவைத்துத் தருமபுரிக்குக் கொண்டு போனோம். ஒரு மழை நாளில் எட்டு பேரை ஏற்றிக்கொண்டு துக்க வீட்டுக்கும் போனோம்.

சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து ஓர் ஆர்வலர் வந்தார். பண்பான மனிதர், காரைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு விலை சொன்னார். பிறகு, கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கரிய நிறம், நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், அகன்ற டயர்கள், முன்மூடியில் காற்றுத் துளை. "எஞ்சினை மாத்திடுவோம் சார். இதுல இருக்கிறது இந்த பாடிக்குப் பத்தாது. ஒரிஜினல் மசில் கார் ஃபீல் கொண்டுவந்துடலாம்" என்றார்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு நான் சொல்லத் தவறிய விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

*

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். இலக்கியத்தில் ஒரு படிமத்தைக் குறியீடு என்று எவராவது தவறிச் சொன்னால் நாலு பக்கம் மறுப்பு எழுதுகிற நாம், கார் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் மசில் கார் என்பது ஓர் அழகியல் வகைமையாகத் தொடங்கவில்லை. அது ஒரு தந்திரமாகத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த பான்டியாக் பிரிவு அந்த விதியைச் சுற்றி வளைத்துக் கடந்தது. 1964ஆம் ஆண்டு மாதிரியான டெம்பஸ்ட் காரில், பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் வி8 எஞ்சினை 'வாடிக்கையாளர் விரும்பினால்' என்ற பெயரில் பொருத்தியது. ஜிடிஓ பிறந்தது. அடிப்படை வடிவிலேயே 325 குதிரைத்திறன். 1968இல் பிளிமத் நிறுவனம் ரோட் ரன்னரைக் கொண்டுவந்தபோது சூத்திரம் இன்னும் துலக்கமாயிற்று. சொகுசுகளைக் கழற்று, எஞ்சினைப் பெரிதாக்கு, மூவாயிரம் டாலருக்குள் விலையை நிறுத்து. தொழிற்சாலையில் வேலைபார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞன் தவணையில் வாங்கி, சனிக்கிழமை இரவு சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் ஓட்டுவதற்கான வண்டி அது. 1970இல் செவர்லே செவல் எஸ்எஸ் 454 காரின் விளம்பரத் திறன் 450 குதிரைகளை எட்டியது. அவ்வளவுதான். இளைஞர்களுக்கு எகிறிய காப்பீட்டுக் கட்டணம், 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடை ஆகியவை சேர்ந்து அந்த யுகத்தைப் பத்தாண்டுக்குள் முடித்துவைத்தன.

ஆக, மசில் கார் என்பதன் இலக்கணம் இது: சிறிய அல்லது நடுத்தர உடல், பெரிய எஞ்சின், குறைந்த விலை, இளைய ஓட்டுநர், மலிவான பெட்ரோல்.

இப்போது கான்டெஸாவை இதன் அருகில் நிறுத்துங்கள். இந்திய அளவுகோலில் பெரிய உடல். அதற்குள் முதலில் வைக்கப்பட்டது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையில் வந்த அந்த எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தரும். அக்கால அமெரிக்க அளவுமுறை தாராளமானது என்று கழித்துக்கொண்டாலும் ஒப்பிட ஏதுமில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் இசுசூ எஞ்சின் வந்தபோது அது 88 அளவுக்கு உயர்ந்தது. விலையோ சாமானியன் நெருங்க முடியாதது. பெட்ரோல் விலையை எண்ணி எண்ணிப் போடுகிற நாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காரின் உரிமையாளர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இல்லை. அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஆலை முதலாளி, அமைச்சர், உயரதிகாரி, மணமகன். முன்னால் ஓட்டியவர் மாதச் சம்பளக்காரர்.

சிறிய உடலில் பெரிய எஞ்சின் ஜிடிஓ. பெரிய உடலில் சிறிய எஞ்சின் கான்டெஸா. இளைஞன் தானே ஓட்டியது அது. நடுவயதுக்காரர் ஓட்டுநர் வைத்துக்கொண்டது இது. ஒவ்வொரு வரியிலும் நேர் எதிரான இரண்டைச் சேர்த்துவைத்து ஒன்றின் பெயரால் மற்றதை அழைப்பது ரசனையின் அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

*

உருவ ஒற்றுமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கான்டெஸாவின் மூலம், இங்கிலாந்தின் லூட்டனில் தயாரான வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்இ. 1972இல் வந்த அந்தக் கார் 1976 முதல் 1978 வரை விஎக்ஸ் என்ற பெயரில் விற்றது. வாக்ஸ்ஹாலோ 1925 முதலே ஜெனரல் மோட்டார்ஸின் உடைமை. எனவே டெட்ராய்ட்டின் வரைபலகையில் பிறந்த வளைவுகள் சில லூட்டன் வழியாக மேற்கு வங்கத்து உத்தரபாராவுக்கு வந்து சேர்ந்தன என்பது சரிதான். அந்த உடலில் அமெரிக்கச் சாயல் உண்டு. ஆனால் தாத்தாவின் மூக்கு பேரனுக்கு இருக்கிறது என்பதற்காகத் தாத்தாவின் வீரக்கதைகளைப் பேரன் பேரில் எழுதிவைக்க முடியாது.

உண்மையில் கான்டெஸாவின் கதை அதன் அமெரிக்கச் சாயலைவிடச் சுவாரசியமானது. வெளிநாட்டில் உற்பத்தி நின்றுபோன ஒரு காரின் அச்சுகளை வாங்கி, கையில் ஏற்கெனவே இருந்த பழைய எஞ்சினைப் பொருத்தி, வேறு தேர்வு இல்லாத மக்களுக்கு ஆடம்பரம் என்று விற்பது உரிமக் காலத்து இந்தியத் தொழிலின் முறை. இதே கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம் ஒன்று உண்டு. சென்னையை ஒட்டித் தொழிற்சாலை வைத்து ஹெரால்டும் கெஸலும் தயாரித்த ஸ்டாண்டர்ட் நிறுவனம், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை வெளியிட்டது. உடல், ரோவர் எஸ்டி1 என்ற நவீனமான பிரிட்டிஷ் கார். உள்ளே துடித்த எஞ்சினின் வேர், வான்கார்ட் காலத்தது. சில ஆண்டுகளில் காரும் நின்றது, நிறுவனமும் முடங்கியது. புதிய உடலுக்குள் பழைய இதயம். கான்டெஸாவுக்கு இசுசூ எஞ்சின் கிடைத்திராவிட்டால் அதற்கும் இந்த முடிவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பற்றாக்குறை, காத்திருப்பு, இருப்பதை வைத்து ஒப்பேற்றும் சாமர்த்தியம், அதற்குள்ளும் ஓர் அழகு. இதுதான் கான்டெஸாவின் உண்மையான வரலாறு. நாவலாசிரியன் ஒருவனுக்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமா? இதையெல்லாம் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கலிஃபோர்னியாவின் சனிக்கிழமை இரவை ஒட்டுகிறது மசில் கார் என்ற சொல்.

நிற்க. இது கார்களோடு நிற்கும் வியாதி அல்ல. அண்ணாவைத் தென்னாட்டு பெர்னாட்ஷா என்றோம். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றோம். சிறுகதை எழுதிய ஒவ்வொருவரிலும் ஒரு செகாவைத் தேடினோம். சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று இன்றும் மேடைதோறும் சொல்கிறோம். அசல் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. பட்டத்தை நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. மஸ்டாங்கைப் பெற்ற ஃபோர்டு நிறுவனமே மறைமலைநகரில் கார் உற்பத்தியை 2022இல் நிறுத்தியது; அப்போதும் கொடுக்கவில்லை. நம்மிடம் உள்ள ஒன்றை நம் கண்ணால் பார்க்கப் பயந்து, வேறொருவர் கண்ணைக் கடன் வாங்கிப் பார்க்கிற பழக்கம் இது. கடன் வாங்கிய கண்ணுக்கு அசலில் இருப்பது தெரியாது. அசலில் இல்லாததே தெரியும். செகாவாக இல்லாத குறை தெரியும். வி8 இல்லாத குறை தெரியும்.

*

வெறும் உவமைதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். பல நண்பர்கள் கேட்டும் விட்டார்கள். உவமை உவமையாகவே நின்றிருந்தால் நானும் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் இந்த உவமை கையில் ஸ்பானருடன் வருகிறது. கான்டெஸா ஒரு மசில் கார் என்று நம்பியவர், முன்மூடியைத் திறந்ததும் ஏமாற்றம் அடைகிறார். உவமையைத் திருத்துவதற்குப் பதிலாகக் காரைத் திருத்துகிறார். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து பெரிய எஞ்சின் வருகிறது. அது உட்காருவதற்காக உடலின் முன்பகுதி வெட்டப்படுகிறது. கியர்பாக்ஸ், பின் அச்சு, இருக்கைகள் என வரிசையாக எல்லாம் போகின்றன. கழற்றிய இசுசூ எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. மிஞ்சுவது தகரமும் பெயர்ப்பலகையும். இதற்கு 'மீட்டெடுப்பு' என்று பெயர் வேறு.

இதன் சட்டப் பக்கத்தை ஆர்வலர்கள் பேசுவதே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்திருக்கிறது. அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம். வேறொரு காரின் வி8ஐக் கொண்டுவந்து வைப்பது அந்த வகையில் சேராது. அப்படி மாற்றப்பட்ட கார் சாலையில் முறையாக ஓட முடியாது. லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இறக்கி, சத்தம் எழுப்பிக் காட்டி, மறுபடி ஏற்றிக் கொண்டுவர வேண்டியதுதான். ஓடாத மசில் கார்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இன்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படியானால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். முதல் கான்டெஸாக்களுக்கு ஐம்பது வயது நிரம்புவது 2034 வாக்கில். எங்கள் வண்டிக்கு 2041இல். இந்த வேகத்தில் மசில் சேர்த்துக்கொண்டே போனால், அந்த ஆண்டு வரும்போது அசல் வடிவில் எத்தனை கான்டெஸாக்கள் மிஞ்சியிருக்கும்? காரைக் கொண்டாடுகிறவர்களே அதன் வாரிசுரிமையை அழித்துவிட்டிருப்பார்கள்.

அந்த விதியிலும் எனக்கொரு பிணக்கு உண்டு. பழம்பெரும் வாகனமாகப் பதிவானால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். அந்த வயதுக்கு முன்போ ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் 2006, 2011, 2016, 2021 என நான்கு முறை புதுப்பித்தோம். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அது 2025இல் 10,000 ஆனது. சட்டத்தின் கண்ணில் ஒரு பழைய கார் ஒன்று கழிவு, அல்லது காட்சிப்பொருள். மாதத்துக்கு நாலு தடவை வெளியே எடுத்து, கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்து, மறுபடி கொட்டகைக்குள் நிற்கிற ஒரு பழைய காருக்கு அங்கே பெயரில்லை.

புகையைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானதே. எங்கள் வண்டியில் வினையூக்கி மாற்றி கிடையாது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஒப்பிட்டால் இன்றைய காரைவிட அது அதிகம் அசுத்தம் செய்யும். ஆனால் அது ஆண்டு முழுக்க ஓடுகிற தூரத்தை ஒரு வாடகைக் கார் ஒரு வாரத்தில் ஓடிவிடும். வயதை அளப்பதை விட்டுவிட்டுப் புகையையும் தூரத்தையும் அளக்கட்டும், அதற்கேற்ப வரி போடட்டும், கட்டுகிறோம். இப்படிக் கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்டிருக்க வேண்டியவர்கள் ஆர்வலர்கள். அவர்களுக்கோ கார் அரிதாவது லாபம். கொட்டகைகள் காலியானால்தான் கண்காட்சித் திடலில் நிற்கும் வண்டிக்கு விலை ஏறும்.

*

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை. அதியமான் என்றதும் எல்லோருக்கும் நெல்லிக்கனி ஞாபகம் வரும். எனக்கு வருவது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, பளபளவென்று காவலோடு வைக்கப்பட்டிருக்கும் வேல்கள். ஔவை அவற்றைப் புகழ்வதுபோலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள்.

பழைய பொருள்களைப் பற்றிய விமர்சனத்தில் இதற்குமேல் ஒரு கோட்பாடு எனக்குத் தேவைப்படவில்லை. மெழுகு பூசி மின்னும் காரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டைமானின் கொட்டில் நினைவுக்கு வருகிறது. எங்கள் வண்டி பாதி நாள் மெக்கானிக் அண்ணனின் பட்டறையில்தான் கிடக்கும். அவர் முப்பதாண்டுகளாக அதன் ஒவ்வொரு இருமலையும் அறிந்தவர். கார்புரேட்டரைக் கழற்றாமலே ஒலியைக் கேட்டு ஜெட் அடைத்திருக்கிறதா என்று சொல்வார். கிடைக்காத ரப்பர் புஷ்ஷுக்குச் சேலத்து லேத்தில் மாற்று கடைந்து வாங்கிவருவார். கான்டெஸா என்ற கலாச்சாரச் சின்னத்தைப் பற்றி எழுதப்படுகிறவற்றில் இவரைப் போன்ற மனிதர்கள் ஒரு வரியில்கூட வருவதில்லை. வி8 பொருத்தியவுடன் இவருடைய முப்பதாண்டு அறிவு ஒரே நாளில் செல்லாக்காசாகிறது.

எங்கள் வண்டியின் சுபாவத்தை அறிய வேண்டுமானால் தொப்பூர் கணவாய்க்கு வர வேண்டும். அப்போது ஏழாம் எண்ணாக இருந்து இப்போது 44ஆக இருக்கும் தேசிய நெடுஞ்சாலை, எங்கள் ஊரைக் கடந்து சேலத்தை நோக்கிப் போகும்போது அங்கேதான் இறங்குகிறது. விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம். ஆரம்பத்திலேயே கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியில் வண்டியை விட்டு, பிரேக்கைச் சூடாக்காமல் இறங்க வேண்டும். இறக்கத்தில் முந்துகிறவனைப் பெரியப்பா வீரன் என்று சொல்ல மாட்டார், 'அவசரக்காரன்' என்பார். அதற்கு மேல் ஒரு வசவு அவரிடம் கிடையாது.

2003 சித்திரையில் ஒரு கல்யாணக் கோஷ்டியோடு சேலத்திலிருந்து ஏறிவந்தபோது, பாதிக் கணவாயில் வெப்பமானி சிவப்பைத் தொட்டது. தவறு எங்களுடையது. ரேடியேட்டர் ஹோஸை மாற்றச் சொல்லி மெக்கானிக் அண்ணன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கிவைத்து, ஒரு பாறை நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். பட்டுப்புடவைப் பெண்கள், மடியில் தூங்கும் குழந்தைகள், கட்டுச்சோறு. வண்டி ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிழிந்த இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டி, குடிதண்ணீரையே ஊற்றி மெல்ல ஏறினோம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காரைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்படுகிற முதல் கதை இதுதான். வேகத்தைப் பற்றி ஒரு கதைகூட இல்லை. நூறைத் தாண்டி ஓட்டினோமா என்று யாருக்கும் நினைவில்லை. பின்னிருக்கையின் அகலம் நினைவிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது படகுபோல ஆடி அடங்குகிற அந்த மென்மை நினைவிருக்கிறது. மழைநாளில் உள்ளே எழுகிற ரெக்சின் வாசனையும் பழைய புளி வாசனையும் நினைவிருக்கின்றன.

தசை என்ற சொல்லுக்கு இதில் எங்கே இடம்?

*

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வலர்கள் இல்லையென்றால் எத்தனையோ கான்டெஸாக்கள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். உதிரிபாகங்களைத் தேடி ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுகிறவர்கள் அவர்கள். எங்கள் வண்டியின் பின்விளக்குக் கண்ணாடி உடைந்தபோது அப்படி ஒருவர்தான் அனுப்பிவைத்தார், காசும் வாங்கவில்லை. அவர்களில் பலர் அசலைக் கெடுக்காமல் காப்பவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் சண்டையிடுவது அவர்களுடைய அன்போடு அல்ல, அந்த அன்புக்கு அவர்கள் பயன்படுத்தும் மொழியோடு. மொழி தவறினால் அன்பும் வழி தவறும் என்பதை இலக்கியம் படிக்கிறவர்களிடம் நான் விளக்கத் தேவையில்லை.

கான்டெஸாவை நேசிக்க அமெரிக்கா தேவையில்லை. அது மெதுவான கார் என்று ஒப்புக்கொண்டே நேசிக்கலாம். பற்றாக்குறையின் பிள்ளை என்று தெரிந்தே நேசிக்கலாம். பின்னிருக்கையில் உட்கார்ந்தவரின் அதிகாரத்தையும் முன்னிருக்கையில் ஓட்டியவரின் சம்பளத்தையும் சேர்த்தே நினைவுகூரலாம். ஜிடிஓவையும் அதன் சொந்த மண்ணில், சொந்தக் காரணங்களுக்காக ரசிக்கலாம். எனக்கும் அது பிடிக்கும். ஒன்றை மற்றதாக ஆக்காமல் இரண்டையும் ரசிக்கத் தெரிவதற்குத்தான் ரசனை என்று பெயர்.

பெங்களூர் நண்பர் போன பிறகு பெரியப்பா கேட்ட கேள்வி இது: "எஞ்சினை எடுத்துட்டு, பெயிண்ட்டை மாத்திட்டு, சீட்டையும் மாத்திட்டா, அப்புறம் அவரு எதைத் தம்பி நம்மகிட்ட வாங்கறாரு?"

அன்று எனக்குப் பதில் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. பெயரை வாங்குகிறார் பெரியப்பா. அதுவும் நாம் வைத்த பெயரை இல்லை.

அவருக்கு எழுதிவிட்டோம், வண்டி விற்பனைக்கு இல்லை என்று. மூன்று மடங்கு விலை என்பது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. வீட்டில் இதைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. கொட்டகைக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் கட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் மெக்கானிக் அண்ணன் வந்து ஹோஸைப் பார்த்துவிட்டு, இந்த முறையாவது சொன்னவுடன் மாற்றுங்கள் என்றார். மாற்றிவிட்டோம்.